காட்சிப்பேழைக்குப் பின்னால்: அருங்காட்சியகப் பணிக்குத் தயாராகும் வழி

வரலாறோ தொல்லியலோ விலங்கியலோ படித்து முடித்தவர்கள் பலர் கேட்கும் முதல் கேள்வி, "அருங்காட்சியகத்தில் வேலை கிடைக்க எந்தப் பட்டம் வாங்க வேண்டும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்பாக ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: அருங்காட்சியகத்துக்குள் எந்த வேலையைச் செய்ய விரும்புகிறீர்கள்? அதை முடிவு செய்யாமல் பட்டத்தைத் தேடிப் போனால் இரண்டு ஆண்டுகளும் வீட்டுப் பணமும் செலவான பிறகு, எந்தப் பணி அறிவிக்கைக்கும் பொருந்தாத சான்றிதழோடு திரும்ப நேரிடும். தமிழ்நாட்டிலிருந்து இத்துறைக்குள் வர நினைப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். 1851இல் தொடங்கியது, தொல்லியல், மானிடவியல், நாணயவியல், தாவரவியல், விலங்கியல், நிலவியல் என்று தனித்தனிப் பிரிவுகள் உள்ளது. அமராவதிச் சிற்பங்களையும் திருவாலங்காட்டு நடராசரையும் ஆசை தீரப் பாருங்கள். பிறகு இரண்டாவது சுற்று வாருங்கள். இந்த முறை பொருளை விட்டுவிட்டு, அது அங்கே நிற்பதற்கு யார் யார் உழைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நடங்கள்.

பொருளின் காலத்தையும் பாணியையும் ஆராய்ந்து, எதைக் காட்டுவது எதை உள்ளே வைப்பது என்று தீர்மானிப்பவர் காப்பாட்சியர். வந்த பொருளுக்கு எண் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றி, அது எந்த அறையில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதற்குப் பொறுப்பேற்பவர் ஆவணப் பிரிவில் இருப்பவர். அரிப்பையும் பூஞ்சையையும் பூச்சியையும் எதிர்த்துப் போராடுபவர் பாதுகாப்பு வேதியியலர். எழும்பூரில் 1930களிலிருந்தே இதற்கென ஓர் ஆய்வகம் இயங்கி வருகிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கூடத்துக்குள் அழைத்துச் சென்று பேசுபவர் கல்விப் பிரிவினர் அல்லது வழிகாட்டி விரிவுரையாளர். விளக்கின் கோணத்தையும் பேழையின் உயரத்தையும் வரைபவர் காட்சி வடிவமைப்பாளர். சிறிய மாவட்ட அருங்காட்சியகத்தில் இவை அத்தனையும் ஒரே காப்பாட்சியரின் தலையில் விழும். அதனால் ஒன்றில் தேர்ச்சியும் மற்றவற்றில் அடிப்படை அறிவும் வேண்டும்.

மனிதர்களோடு பேசுவதில் மகிழ்ச்சி காண்பவர் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுத்தால் ஓராண்டில் சலித்துவிடும். நாள் முழுக்க ஒரே சுவடிக்கட்டோடு உட்கார்ந்திருக்கப் பிடிப்பவரைக் கல்விப் பிரிவில் போட்டால் அவருக்கும் துன்பம், பிள்ளைகளுக்கும் துன்பம். உங்கள் இயல்புக்கு முதலிடம் கொடுங்கள்.

படி 2: ஒரு பாடத்தில் ஆழமாக இறங்குங்கள்

அருங்காட்சியியல் என்பது பொருள்களைப் பேணுவது, பதிவது, காட்டுவது பற்றிய படிப்பு. எந்தப் பொருள் என்ற கேள்விக்கு அது விடை தராது. சோழர் காலச் செப்புத்திருமேனியையும் விஜயநகர காலத்துத் திருமேனியையும் பிரித்தறிய உங்களுக்குக் கலை வரலாறு தெரிந்திருக்க வேண்டும். நாணயத்தைப் படிக்க நாணயவியல் வேண்டும். தாவர மாதிரிகளைக் கையாள வகைப்பாட்டியல் வேண்டும். வெறும் அருங்காட்சியியல் பட்டத்தை மட்டும் வைத்திருப்பவரைவிட, ஒரு பாடத்தில் முதுகலை முடித்து அதன்மேல் அருங்காட்சியியலும் கற்றவருக்கே கதவுகள் அதிகம் திறக்கின்றன. அரசுப் பணிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு பிரிவின் காப்பாட்சியர் பணியிடத்துக்கும் அந்தந்தப் பாடத்தைத்தான் கேட்பார்கள்.

அறிவியல் படித்தவர்கள் தங்களுக்கு இத்துறையில் இடமில்லை என்று நினைத்து ஒதுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேதியியல் பட்டதாரிக்கு, பொருள்களை அழியாமல் பேணும் பாதுகாப்புப் பிரிவில் உள்ள தேவை வேறு யாருக்கும் இல்லை.

தமிழில் படித்தவர்களுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. தமிழ்ப் பிராமியும் வட்டெழுத்தும் இடைக்காலத் தமிழ் எழுத்தும் கிரந்தமும் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் கீறப்பட்ட பெயரைத் தானே வாசிக்கும் ஒருவர், அச்சிட்ட விளக்கத்தை நம்பியிருப்பவரைவிட அந்தக் கூடத்துக்கு எவ்வளவோ பயனுள்ளவர். முதுகலை படிக்கும்போதே இந்த எழுத்துகளில் ஒன்றையாவது கற்றுக்கொள்ளுங்கள். மாலை நேரத்தில் ஊர்க்கோயில் சுவரே பள்ளிக்கூடம். தொல்லியல் துறை வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் அதே கல்வெட்டின் பாடம் இருந்தால், நீங்கள் வாசித்ததை அதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

படி 3: படிப்பைத் தேர்ந்தெடுங்கள்

பக்கத்திலிருந்தே தொடங்குவோம். தமிழ்நாடு தொல்லியல் துறையின் கீழ் இயங்கும் தமிழ்நாடு தொல்லியல் மற்றும் அருங்காட்சியியல் நிறுவனத்தில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு உண்டு. மாதாந்திர உதவித்தொகை தருகிறார்கள். இடங்கள் மிகச் சில என்பதால் சேர்க்கை அறிவிப்பை விடாமல் கவனிக்க வேண்டும். அகழாய்வுக் குழியிலும் கல்வெட்டுப் படியெடுப்பிலும் நேரடிப் பயிற்சி கிடைப்பது இதன் சிறப்பு.

முழுமையான முதுகலைப் பட்டம் வேண்டுமென்றால் வெளியூர் போக வேண்டியிருக்கும். பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியியல் துறை 1952இல் தொடங்கியது, நாட்டிலேயே பழமையானது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலும் நெடுங்காலமாக இப்படிப்பு உள்ளது. பனாரஸ் மாணவர்களுக்கு வளாகத்துக்குள்ளேயே பாரத் கலா பவன் என்ற பெரிய அருங்காட்சியகம் பயிற்சிக்களமாக இருக்கிறது. தில்லியில் 1989இல் தொடங்கப்பட்ட தேசிய அருங்காட்சியக நிறுவனம் இப்போது இந்தியப் பாரம்பரிய நிறுவனம் என்ற பெயரில் நொய்டாவிலிருந்து இயங்குகிறது. கலை வரலாறு, பாதுகாப்பு, அருங்காட்சியியல் மூன்றும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் இடம் அது. ஏற்கெனவே முதுகலை முடித்தவர்களுக்கு மும்பையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் நடத்தும் அருங்காட்சியியல் முதுநிலைப் பட்டயம் பொருத்தமாக இருக்கும். நடப்பிலுள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குள்ளேயே வகுப்பு நடப்பது பெரிய வாய்ப்பு.

இவை எல்லாமே சென்னையிலிருந்து ஏறக்குறைய ஒரு நாள் ரயில் பயணம் அல்லது அதற்கும் மேல். கல்விக் கட்டணத்தைவிட விடுதிச் செலவும் போக்குவரத்தும்தான் குடும்பத்தை அழுத்தும். அதையும் கணக்கில் சேர்த்த பிறகே விண்ணப்பியுங்கள்.

பாதுகாப்புப் பணிக்குப் போகிறவர்கள் லக்னோவில் 1976இல் நிறுவப்பட்ட பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வகத்தின் பயிற்சிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். அருகில் வேண்டுமென்றால் பெங்களூரில், கலை, பண்பாட்டு மரபைப் பேணும் இன்டாக் அமைப்பின் கலைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. இலங்கை வாசகர்களுக்குக் களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, கொழும்பில் உள்ள தொல்லியல் பட்டமேற்படிப்பு நிறுவனம் பொருத்தமான தொடக்கம்.

எந்த நிறுவனமானாலும் சேருவதற்கு முன் அங்கே படித்து முடித்த ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள்: இரண்டாண்டில் எத்தனை நாள் உண்மையான பொருளைக் கையில் தொட்டீர்கள்? பதில் தயங்கித் தயங்கி வந்தால், அந்தப் படிப்பு எவ்வளவு பெயர் பெற்றதானாலும் மறுபடி யோசியுங்கள். பாடத்திட்டம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். வேறுபாடு முழுவதும் செய்முறையில்தான்.

வெளிநாட்டுப் படிப்பு பற்றி ஒரு சொல். பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1966 முதல் அருங்காட்சியியல் துறை இருக்கிறது. உலகெங்கும் மதிக்கப்படும் இடம். அமெரிக்காவில் படிக்க ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகை அருங்காட்சியியலையும் மரபுப் பாதுகாப்பையும் ஒரு துறையாக ஏற்கிறது. ஆனால் பணி அனுபவம் கேட்கிறது. அந்த நிபந்தனையை நான் வரவேற்கிறேன். இளங்கலை முடித்த கையோடு கடன் வாங்கிப் போகிறவரைவிட, இங்கே மூன்று ஆண்டு வேலை பார்த்து, தனக்கு என்ன தெரியவில்லை என்று தெளிவாக உணர்ந்துவிட்டுப் போகிறவர் அங்கே இரு மடங்கு கற்றுத் திரும்புகிறார். வேலையில் சேர்ந்தபின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2006 முதல் நடத்திவரும் பன்னாட்டுப் பயிற்சித் திட்டம் போன்றவற்றுக்கும் முயலலாம்.

படி 4: ஆவணப்படுத்தலைக் கைப்பழக்கமாக்குங்கள்

எல்லாரும் கண்காட்சி அமைக்க ஆசைப்படுகிறார்கள்; பதிவேடு எழுத யாரும் ஆசைப்படுவதில்லை. ஆனால் பதிவு இல்லாத பொருள் பாதி தொலைந்த பொருள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் அது இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. அது நம்முடையதுதான் என்று நிறுவப் பெரிதும் துணைநின்றவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்த, கோயிலிலேயே எடுக்கப்பட்ட பழைய புகைப்படங்கள். யாரோ ஒருவர் கோயில் கோயிலாகப் போய் நிதானமாகப் படமெடுத்து, ஊர்ப்பெயர் எழுதி, வரிசைப்படுத்தி வைத்த வேலை அது. அப்படிப் படமெடுக்கப்படாத திருமேனிகள் எத்தனை, அவை இன்று யார் வீட்டு வரவேற்பறையில் நிற்கின்றன என்று நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. இந்த வேலையின் மதிப்பை உணர்ந்தவர்தான் நல்ல அருங்காட்சியகப் பணியாளராக முடியும்.

இதற்குப் படிப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய பித்தளைக் குத்துவிளக்கை எடுத்து மேசைமேல் மெத்தென்ற துணி விரித்து வையுங்கள். உயரம், அடிப்பாகத்தின் விட்டம், எடை மூன்றையும் அளந்து எழுதுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து முன், பின், இரு பக்கம், அடிப்பாகம் எல்லாவற்றையும் படமெடுங்கள். பிறகு நிலையறிக்கை எழுதுங்கள். "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. எல்லாரும் எழுதுவது அதுதான். "உச்சியில் உள்ள அன்னத்தின் அலகு நுனியில் 3 மி.மீ. உடைவு, உடைந்த இடம் கறுத்திருப்பதால் பழைய உடைவு. தண்டின் இரண்டாம் திருகு தளர்ந்துள்ளது. அகலின் வலப்புறம் பச்சை அரிப்பு, சுமார் 2 செ.மீ. நீளம்" என்று எழுத வேண்டும். உங்கள் குறிப்பை மட்டும் படித்துவிட்டு, ஒரே மாதிரியான 10 விளக்குகளிலிருந்து உங்கள் விளக்கை வேறொருவர் எடுத்துத் தர முடிந்தால் குறிப்பு சரி.

அடுத்தது எண். பல இடங்களில் மூன்று பகுதி எண் வழக்கில் உள்ளது: 2024.7.3 என்றால் 2024ஆம் ஆண்டின் ஏழாவது சேர்க்கையில் வந்த மூன்றாவது பொருள். இந்த எண்ணைப் பொருளின்மேல் எழுதுவதில்தான் பக்குவம் தெரியும். வழவழப்பான உலோகம், பீங்கான் போன்றவற்றில் நேரடியாக மை படக் கூடாது. பாரலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து, ஓரமான ஓரிடத்தில் சிறு பட்டையாகத் தடவிக் காயவிட வேண்டும். அதன்மேல் மங்காத மையால் எண்ணை எழுதி, காய்ந்தபின் மேலே இன்னொரு பூச்சு கொடுக்க வேண்டும். நாளை எண்ணை எடுக்க வேண்டி வந்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம், பொருளுக்குச் சேதமில்லை. பேழையில் வைத்தால் பார்வையாளர் கண்ணில் படாத, ஆனால் எடுப்பவர் பொருளைத் தலைகீழாகக் கவிழ்க்காமலே பார்க்கக்கூடிய இடத்தில் எண் இருக்க வேண்டும். துணிக்கு எண்ணெழுதிய பருத்தி நாடாவைத் தளர்வாகத் தைக்க வேண்டும். தாளுக்கு மென்மையான பென்சில் மட்டுமே. பொருளின் நெற்றியிலேயே பெயின்டால் எண் போட்ட பழைய காலத்துப் பொருள்களை நீங்கள் பார்க்க நேரலாம். அதைப் பார்த்துப் பழகிவிடாதீர்கள்.

பாதுகாப்பின் அடிப்படையும் இதோடு சேர்ந்தே வர வேண்டும். துணி, தாள், நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றின்மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் வெளிச்சத்தால் வெளுத்த சாயம் மறுபடி வருவதில்லை. செப்புத்திருமேனி உறுதியானது என்று எண்ணிவிட வேண்டாம். உலோகத்தில் குளோரைடு ஊறியிருந்து காற்றில் ஈரமும் சேர்ந்தால் வெளிர்பச்சைத் தூள் கிளம்பும். அதை வெண்கல நோய் என்பார்கள். சென்னை போன்ற கடற்கரை ஊரில் இதைத் தினமும் கண்காணிக்க வேண்டும். தூளைக் கண்டால் தேய்த்துத் துலக்காமல், பொருளைத் தனியே எடுத்து உலர்வான இடத்தில் வைத்துவிட்டு வேதியியலரைக் கூப்பிடுவதே உங்கள் வேலை.

படி 5: பயிற்சிப் பணிக்குப் போங்கள்

பெரிய பெயருக்காக அலைய வேண்டாம். தலைநகரத்துப் பேரருங்காட்சியகத்தில் இரண்டு மாதம் நகல் எடுத்துக்கொண்டிருப்பதைவிட, புதுக்கோட்டை அருங்காட்சியகம் போன்ற ஓர் இடத்தில் ஒரு மாதம் பொருள்களோடு இருப்பது மேல். 1910இல் சமஸ்தான காலத்தில் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் கல், உலோகம், உயிரினங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ராவில் வீடுகளே காட்சிப்பொருள். கல்விப் பிரிவு வேலையையும் கைவினைஞர்களோடு பழகுவதையும் அங்கே கற்கலாம். அச்சு நூல், இதழ், துண்டறிக்கை ஆகியவற்றைப் பேண விரும்புகிறவர்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம், அகழாய்வுக் களத்துப் பொருள் எப்படிக் காட்சிப்பொருளாகிறது என்பதைப் பார்க்க ஏற்ற இடம்.

அனுமதி கேட்டு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. "அருங்காட்சியகத்தின்மீது சிறுவயது முதலே ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். படிப்பவருக்கு அதனால் எதுவும் தெரிவதில்லை. "உங்கள் இருப்பறையில் உள்ள மரப் பொருள்களில் 50ஐப் படமெடுத்து, அளந்து, நிலையறிக்கை எழுதித் தர விரும்புகிறேன், மே, ஜூன் மாதங்களில் வாரம் 5 நாள் வர இயலும், மாதிரிக்கு நான் எழுதிய 3 குறிப்புகளை இணைத்துள்ளேன்" என்று எழுதுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்பது தெளிவாக இருந்தால் அனுமதி தருவது அதிகாரிக்கு எளிது. அரசு அருங்காட்சியகமானால் கல்லூரியின் பரிந்துரைக் கடிதமும் மேலிட அனுமதியும் தேவைப்படும். அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்று கணக்கிட்டு முன்னதாகவே தொடங்குங்கள்.

உள்ளே போனபின் கூடங்களில் காவல் இருக்கும் ஊழியர்களோடு பழகுங்கள். மழைக்காலத்தில் எந்த மூலையில் ஒழுகும், எந்தப் பேழைக்கு முன்னால் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள், எந்த விளக்கப் பலகையை யாருமே படிப்பதில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

படி 6: சட்டமும் நெறியும்

மூன்றைப் படித்தாக வேண்டும். மண்ணுக்கடியில் கிடைப்பவை பற்றிய 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். தமிழ்நாட்டு அருங்காட்சியகங்களின் செப்புத்திருமேனிகள் பல இந்த வழியாக மாவட்ட ஆட்சியர் மூலம் வந்தவைதான். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் சட்டம். 100 ஆண்டுக்குக் குறையாத தொல்பொருளும் 75 ஆண்டுக்குக் குறையாத மதிப்புமிக்க சுவடியும் இதன்கீழ் வரும். மூன்றாவது, ஐகாம் எனப்படும் பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவையின் நெறிமுறைகள். அதே அமைப்பு 2022 ஆகஸ்டில் பிராகா நகரில் ஏற்றுக்கொண்ட புதிய வரையறையையும் பாருங்கள். சமுதாயங்களின் பங்கேற்பு அதில் வெளிப்படையாக இடம்பெற்றிருக்கிறது. மாணவர் உறுப்பினராகவும் ஐகாமில் சேரலாம்.

படி 7: வேலை தேடுதல்

மாநில அருங்காட்சியகத் துறையின் காப்பாட்சியர் பணியிடங்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கைகளைக் கவனியுங்கள். தில்லி தேசிய அருங்காட்சியகம், இந்தியத் தொல்லியல் துறை ஆகியவற்றின் உயர்பணியிடங்கள் மத்தியத் தேர்வாணையம் வழியாக நிரப்பப்படுகின்றன. அறிவியல், பொறியியல் படித்தவர்கள் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்தைக் கவனிக்கலாம். கல்லூரிப் பணிக்குப் போக நினைத்தால் நெட் தேர்விலேயே அருங்காட்சியியலும் பாதுகாப்பும் ஒரு பாடமாக உள்ளது.

அரசுப் பணியிடங்கள் குறைவு, அறிவிக்கைகளுக்கு இடையே ஆண்டுகள் கடந்துவிடும். இதை மறைத்துப் பேசுவது புதியவர்களுக்குச் செய்யும் துரோகம். அதனால் அதை மட்டும் நம்பியிராமல், எண்மயமாக்கல் திட்டங்களின் ஒப்பந்தப் பணி, பெங்களூர் கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் போன்ற தனியார் நிறுவனங்கள், பழைய கல்லூரிகளிலும் மறைமாவட்டங்களிலும் ஆலைகளிலும் உள்ள ஆவணக் காப்பகங்கள் ஆகியவற்றையும் தேடுங்கள். ஊதியம் தொடக்கத்தில் குறைவாகவே இருக்கும். எழுத்துபூர்வமான பணி ஆணை இல்லாமல் சேராதீர்கள். மத்திய அரசு அருங்காட்சியகங்களில் பயன்படும், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய, பொருள்களைப் பதிவதற்கான ஜதன் மென்பொருளைத் தெரிந்து வைத்திருப்பது எண்மயமாக்கல் பணிகளுக்கு உதவும்.

நேர்முகத்துக்குப் போகும்போது நீங்கள் எழுதிய 10 பொருள் குறிப்புகள், 5 நிலையறிக்கைகள், ஒரு சிறு கண்காட்சித் திட்டம், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய 3 விளக்கப் பலகைகள் அடங்கிய கோப்பைக் கொண்டுபோங்கள். விளக்கப் பலகை 60, 70 சொல்லுக்குள் இருக்கட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் படித்துக் காட்டி, அவர் எங்கே முகம் சுளிக்கிறாரோ அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் சான்றிதழ் சரிபார்ப்பு. வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் பட்டம், அறிவிக்கையில் கேட்கப்பட்ட பெயரிலேயே இல்லாவிட்டால், அது சமமானது என்று காட்டும் அரசாணையைக் கேட்பார்கள். ஆகவே படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போதே பல்கலைக்கழக முத்திரையிட்ட பாடத்திட்ட நகலையும் மதிப்பெண் பட்டியல்களையும் கையோடு வாங்கி வாருங்கள். சமநிலை கோரும் விண்ணப்பத்தை, பணி அறிவிக்கை வரும்வரை காத்திராமல், அப்போதே கொடுத்துவிடுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநிலப் பணிகளில் 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதற்குப் பள்ளி முதல் பட்டம் வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். பள்ளித் தலைமையாசிரியரிடம் அதை இந்தக் கோடை விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.